பின்னால் இடித்தார்கள், கேமரா முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது

ஒன்றரை வருடமாக என் காரில் ஒரு டேஷ்கேம், அதாவது ஓட்டும்போது ரோட்டைப் பதிவு செய்துகொண்டே இருக்கும் சின்ன கேமரா, இருக்கிறது. அதைப் பற்றி எழுதாததற்குக் காரணம், எழுத ஒன்றுமே இல்லை. கண்ணாடியில் ஒட்டினேன், அது பாட்டுக்கு ஓடியது. போன மாதம் சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது பின்னால் வந்த வேன் ஒன்று மோதியது, அன்றைக்குத்தான் அதற்கு வேலை வந்தது.

முன்பக்கம் மட்டும் பார்க்கும் மாடல், ஃபுல் எச்டி, நொடிக்கு 30 ஃபிரேம். இடித்ததோ பின்னால், அதனால் இதில் என்ன பதிவாகியிருக்கப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். வேன்காரர் இறங்கியதும், "நீங்கதான் ரிவர்ஸ்ல வந்தீங்க" என்றார். அப்புறம் வீடியோவைப் போட்டுப் பார்த்தால், எதிரே சிவப்பு விளக்கு, முன்னால் ஒரு பைக், 20 நொடிக்கு மேல் எதுவும் அசையவில்லை, திடீரென்று ஒரு குலுக்கல், அந்த பைக் சட்டென்று பெரிதாகிறது. நான் ரிவர்ஸ் எடுத்திருந்தால் பைக் சின்னதாகியிருக்க வேண்டுமே! இன்ஷூரன்ஸ்காரர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, அதற்கு மேல் கேள்வி கேட்கவில்லை. இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். இந்த வகைக் கேமராக்கள் மூன்று அல்லது ஐந்து நிமிடத் துண்டுகளாகப் பதிவு செய்யும், மெமரி கார்டு நிறைந்ததும் பழையதை அழித்துவிட்டு மேலேயே எழுதும். மோதலை உணர்ந்தால் அந்தத் துண்டை மட்டும் பூட்டி வைக்க ஒரு சென்சார் உண்டு. என்னுடையதில் அதன் உணர்திறனைக் கூட்டி வைத்தால் வேகத்தடை ஒவ்வொன்றையும் விபத்து என்று பூட்டிக் கார்டையே அடைத்துவிடுகிறது, அதனால் நான் குறைத்து வைத்திருந்தேன், அன்றைக்கு உண்மையான இடியைப் பூட்டவில்லை. 32 ஜிபி கார்டில் சுமார் நாலு மணி நேரம்தான் நிற்கும். அதே காரை இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் எல்லாம் போயிருக்கும். எந்த பிராண்டு வைத்திருந்தாலும், வண்டி இடிபட்ட அன்றைக்கே கார்டை உருவிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மைக் பற்றி யாரும் சொல்வதில்லை. என் வீடியோவில் இடிச் சத்தத்துக்கு அடுத்து தெளிவாகக் கேட்பது என் குரல்தான்: "ஐயோ, சாரி சாரி". யாரிடம், எதற்கு சாரி சொன்னேன் என்று எனக்கே தெரியாது, வாய் தானாகச் சொல்லிவிட்டது. நல்லவேளை, படம் பேசியது. நடுரோட்டில் நின்று "என் தப்புதான்" என்றும் சொல்ல வேண்டாம், "உன் தப்பு" என்று சண்டையும் வேண்டாம், பெயர், போன் நம்பர், இன்ஷூரன்ஸ் விவரம் மட்டும் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கினால் போதும்.

கேமரா இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடவும் முடியாது. யாருக்காவது அடிபட்டதா என்று அது பார்க்காது, ஹசார்ட் லைட் போடாது, பின்னால் வருகிறவனுக்குத் தெரிகிற மாதிரி முக்கோணம் வைக்காது. அடிபட்டிருந்தால் ஆம்புலன்ஸுக்கும் போலீஸுக்கும் சொல்வதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் அப்புறம். நான் செய்ததில் உருப்படியான ஒன்று, வண்டிகளை ஓரம்கட்டும் முன் போனில் எடுத்த படங்கள். முதலில் தள்ளி நின்று ரோடு முழுக்கத் தெரிகிற மாதிரி, பிறகு வேனின் நம்பர் பிளேட், பிறகு கீழே சிதறிய விளக்குக் கண்ணாடி. டேஷ்கேமில் அந்த வேன் ஒரு நொடி கூட இல்லை, அதன் நம்பர் இந்தப் படங்களில்தான் இருக்கிறது.

வேன்காரர் அங்கேயே கொஞ்சம் பணம் தந்து முடித்துக்கொள்ளலாம் என்றார். பம்பரில் கீறல் மாதிரிதான் தெரிந்தது, நானும் தலையாட்டியிருப்பேன். ஆனால் டிக்கி கதவு முன்பு போல் பொருந்தவில்லை, ஒரு பக்கம் இடுக்கு விரல் நுழையும் அளவு. மெக்கானிக் பம்பரைக் கழற்றியபோது உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் வளைந்திருந்தது. கழுத்து வலியும் மறுநாள் காலையில்தான் வந்தது, அதையும் டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கினேன்.

கடைசியாக, தேதி. காரை ஒரு வாரம் எடுக்காமல் விட்டால் கேமராவின் கடிகாரம் முதலில் இருந்து ஆரம்பிக்கிறது. என் வீடியோவின் மூலையில் ஏதோ ஒரு பழைய வருடத்து ஜனவரி 1 என்று இருந்தது, அதை விளக்கித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டியதாயிற்று. சூட்டில் உப்பாமல் இருக்க இதில் பேட்டரிக்குப் பதில் கெபாசிட்டர் (கொஞ்ச நேரத்துக்கு மட்டும் மின்சாரத்தைப் பிடித்து வைக்கும் பாகம்), அது நல்லதுதான், ஆனால் நேரத்தையாவது நினைவில் வைத்துக்கொள்ளக் கூடாதா? ஐந்துக்கு மூன்று. கடிகாரம் ஒழுங்காக ஓடியிருந்தால் நாலு கொடுத்திருப்பேன்.