கூப்பர் க்ரீக்கைப் பின்தொடர 1:250,000 நாட்மேப் தாள்கள்: எதற்கு உதவும், எங்கே ஏமாற்றும்

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு ஆறுகளைப் படிக்க, அந்நாட்டு அரசின் நிலவியல் அமைப்பான ஜியோசயின்ஸ் ஆஸ்திரேலியா வெளியிட்ட நாட்மேப் 250கே (1:250,000 அளவை) வரைபட வரிசையே முதலில் எடுக்க வேண்டியது. பிடிஎஃப் கோப்புகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தாள் ஒன்று 1 பாகை அட்சம், 1.5 பாகை தீர்க்கம் கொண்டது. கூப்பர் க்ரீக் ஓடும் இன்னமின்கா ஊர்ப் பகுதிக்குத் தாள் எண் எஸ்ஜி 54-14.

இதன் பெரிய பலம் பெயர்கள். ஆனால் ஆற்றின் பெயர் வழியிலேயே மாறும். விண்டோரா ஊருக்கு மேலே தாம்சன் ஆறும் பார்க்கூ ஆறும் கூடுகின்றன. கூடியபின் பெயர் கூப்பர் 'க்ரீக்', அதாவது ஓடை. 1845-இல் நிலத்தை ஆராய வந்த பயணி ஸ்டர்ட் பார்த்தபோது நீரோட்டம் இல்லாததால் ஆறு என்று சொல்லத் தயங்கினார்; நீதிபதி சார்லஸ் கூப்பரின் பெயரைச் சூட்டினார். பார்க்கூவுக்கு 1846-இல் இன்னொரு ஆய்வுப் பயணி மிட்செல் வைத்த பெயர் விக்டோரியா. அது வடமேற்கே கடலை நோக்கிப் போகிறது என்பது அவர் கணிப்பு. மறு ஆண்டே கென்னடி என்ற பயணி அது தென்மேற்கே திரும்புவதைக் கண்டு, பழங்குடியினர் வழங்கிய பார்க்கூ என்ற பெயரை எழுதினார். ஆகவே தாளில் ஆற்றைத் தொடரும்போது பெயரை நம்பாதீர்கள், கோட்டைத் தொடருங்கள். மற்றபடி மடுக்கள், பண்ணை வீடுகள், ஆழ்துளைக் கிணறுகள் பெயரோடு இருப்பது அருமை. வறண்ட மாதங்களில் தண்ணீர் நிற்கும் இடம் அந்த மடுக்கள்தான்.

குறை, சமவெளியில் தெரியும். சம உயரக் கோட்டின் இடைவெளி 50 மீட்டர். சேனல் கன்ட்ரி எனப்படும், ஆறுகள் பல கிளையாகப் பிரியும் இந்தப் பகுதியின் தட்டை நிலத்துக்கு அது போதவே போதாது. பல கிலோமீட்டர் அகலத்தில் பின்னிப் பிரியும் கிளைகளில் எது முதலில் நிரம்பும் என்பதை, தாளில் விட்டுவிட்டு வரைந்த நீலக் கோடு சொல்லாது. இன்னமின்கா அருகே தெற்கே பிரியும் ஸ்ட்ரெலெக்கி க்ரீக்குக்குப் பெரிய வெள்ளத்தில்தான் தண்ணீர் போகும். தாளில் அதுவும் சாதாரணக் கிளை போலவே தெரியும். செயற்கைக்கோள் படத்தைப் பக்கத்தில் வைத்தே படியுங்கள்.

அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை அணைத்துவிடுங்கள். படப்பரப்பு மட்டுமே ஏறத்தாழ 44 × 59 செ.மீ. வரும், ஏ1 காகிதம் தேவை. அளவுகோலில் 10 கி.மீ. சரியாக 4 செ.மீ. இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய பதிப்பு கிடைத்தால் ஓரத்தில் ஏஜிடி66 (இடத்தைக் குறிக்கும் பழைய ஆஸ்திரேலிய அளவை முறை) என்று இருக்கிறதா பாருங்கள். அந்த ஆயங்களை அப்படியே ஜிபிஎஸ்ஸில் இட்டால் சுமார் 200 மீட்டர் விலகும். காகிதத்தில் அது 0.8 மி.மீ. மட்டுமே, கண்ணுக்குப் பிடிபடாது. தரையில் மடுவின் எதிர்க்கரையில் நிற்க வைத்துவிடும். கூப்பர் போய்ச் சேரும் ஏரிக்கு 2012 முதல் காட்டி தண்டா–லேக் ஐர் என்ற இரட்டைப் பெயர். பழைய தாளில் பின்பாதி மட்டுமே இருக்கும்.