பில்லோடு வாடகையா, பில் தனியா?

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் அறையோ அனெக்ஸோ (வீட்டோடு சேர்ந்த தனிப் பகுதி) தேடினால் இரண்டு விதமாகச் சொல்வார்கள்: கரண்ட், தண்ணி எல்லாம் சேர்த்து ஒரே வாடகை, இல்லாவிட்டால் வாடகை குறைவு, பில் உங்கள் பாடு.

குறைந்த வாடகையைக் கண்டு உடனே தலையாட்டாதீர்கள். இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும், மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு விலை, நிலைக்கட்டணமும் கூடும். அனெக்ஸுக்குத் தனி மீட்டர் இருந்தால் சிக்கனமாக இருக்கிற ஒருவருக்கு பில் தனியாக இருப்பதுதான் லாபம். ஆனால் வீட்டுக்காரரும் நீங்களும் ஒரே மீட்டரில், பில்லை ஆளுக்குப் பாதி என்றால், அவர்களின் ஏசியும் ஃபிரிட்ஜும் அலகை மேலே தள்ள, ஒரு ஃபேனும் இரண்டு லைட்டும் போடுகிற நீங்கள் அந்த உயர்ந்த விலையில் பங்கு கட்டுவீர்கள். சேர்த்த வாடகை, தனி மீட்டர், பாதிப் பங்கு என்ற மூன்றிலும் இதுதான் மோசம். உங்கள் பகுதிக்கு மட்டும் வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்திருந்தாலும் அலகுக்கு என்ன விலை போடுகிறார்கள் என்று கேளுங்கள்.

தண்ணி? கிணறு என்றால் பில் வராது, மோட்டருக்கான கரண்ட் வரும், அவ்வளவுதான். குடிக்கிற தண்ணியைப் பலர் தனியாக வாங்குகிறார்கள், அதைப் பெரும்பாலும் வாடகையில் சேர்க்க மாட்டார்கள், காஸ் சிலிண்டரும் அப்படியே.

சேர்த்துக் கட்டுகிற இடத்தில் செலவு முன்கூட்டியே தெரியும், கம்பஸ் பிள்ளைகளுக்கு அது பெரிய நிம்மதி. தொல்லை வேறு: அயன் போடாதே, ரைஸ் குக்கர் வேண்டாம், பத்து மணிக்கு லைட்டை அணை. எனக்கு இது சரிவராது, தனி மீட்டர் உள்ள இடத்தையே எடுப்பேன்.