100 லிட்டர் திரவ ஹீலியம் என்று சொல்லி 2,36,000 ரூபாயைப் பறித்துவிட்டார்கள்

பெருங்குடியில் சிறிய சோதனைக்கூடம் நடத்துகிறேன். கடன் வாங்கிப் போட்ட, மூலக்கூறுகளின் அமைப்பைக் கண்டறியும் ஒரே ஒரு என்.எம்.ஆர். கருவிதான் ஆறு குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதன் காந்தச் சுருள் மைனஸ் 269 டிகிரியில், திரவ ஹீலியத்தில் இருக்க வேண்டும். ஹீலியம் வற்றினால் காந்தம் ‘குவென்ச்’ ஆகும், அதாவது சுருள் சூடேறிக் காந்தச் சக்தியை இழந்துவிடும். மிச்சமிருக்கும் திரவமும் சில நிமிடங்களில் கொதித்து வெளியேறிவிடும்.

போன வியாழக்கிழமை காந்தத்திலிருந்த ஹீலியத்தின் அளவு 36 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. வழக்கமாகத் தருபவரிடம் சரக்கு இல்லை. தொழிற்பொருள்களுக்கான ஓர் இணையச் சந்தையில் பார்த்த வாயு வியாபாரிக்கு, 100 லிட்டருக்கு ஜி.எஸ்.டி. உட்பட 2,36,000 ரூபாயை முழுவதுமாக முன்கூட்டியே அனுப்பினேன்.

சனிக்கிழமை மாலை, ஹீலியம் அடைத்த, வெப்பம் புகாத டியூவர் கலம் வந்து இறங்கியது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அளவுகோல் விட்டுப் பார்த்துவிடலாமா என்று கேட்டேன். கூட வந்த பெரியவர் கலத்தின் தோளில் கை வைத்து, “நேற்று ராத்திரிதான் நிரப்பினோம் சார். கோல் விட்டால் உங்கள் ஹீலியம்தான் ஆவியாகும், எதற்கு வீண்?” என்றார். வெதுவெதுப்பான கோல் உள்ளே போனால் கொஞ்சம் ஆவியாகும் என்பது உண்மைதான். அந்த உண்மையை வைத்துத்தான் என்னை ஏமாற்றினார். சலானில் ‘100 லிட்டர் பெறப்பட்டது’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

நிரப்பியது அதைவிடக் கொடுமை. மாற்றுக் குழாயின் ஒரு முனையைக் கலத்தில் விட்டு, மறுமுனையில் திரவம் சீறி வரும்வரை குழாயைக் குளிரவைத்த பிறகுதான் காந்தத்தில் செருக வேண்டும். அந்தப் பெரியவர் அறைச் சூட்டிலேயே செருகினார். வெப்ப வாயு உள்ளே புகுந்து, இருந்த ஹீலியத்தையும் கொதிக்கவைத்தது. மீட்டர் 36-லிருந்து 29-க்கு விழுந்தது. பிறகு மெல்ல ஏறி 51-ல் நின்றது. அங்கிருந்து மறுபடி இறங்கத் தொடங்கியது. கலம் காலி! “எடுங்கள், எடுங்கள்” என்று கத்தித்தான் குழாயை வெளியே எடுக்க வைத்தேன். போன முறை இதே 100 லிட்டர், 35-லிருந்து 92-க்கு ஏற்றியது.

இதற்கிடையில் ஏ.சி. குளிர் போகிறது என்று கதவை வேறு சாத்தியிருந்தார். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 750 லிட்டர் வாயுவாகும். நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆக்ஸிஜனைத் தள்ளிவிடும். உள்ளே என்னோடு 23 வயதுப் பையன் ஒருவன் நின்றிருந்தான். பணத்தை விட்டுத்தள்ளினாலும் இதை என்னால் மன்னிக்க முடியாது.

ஞாயிறன்று வியாபாரி போனை எடுக்கவில்லை. திங்களன்று, “மதுரவாயல் பைபாஸில் நெரிசல் சார், வழியில் ஆவியாகியிருக்கும்” என்றார். நல்ல கலத்தில் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு சதவீதம்தான் குறையும். நெரிசலில் பாதிக்கு மேல் எப்படிப் போகும்? செவ்வாயன்று, “உங்கள் மீட்டர் கோளாறு” என்றார். புதனன்று சலானைப் படமெடுத்து அனுப்பினார். இணையச் சந்தைக்காரர்களோ, “நாங்கள் இடையில் இருப்பவர்கள் மட்டுமே, விற்றவரிடம் பேசிக்கொள்ளுங்கள்” என்று முடித்துவிட்டார்கள். காலிக் கலத்தைச் சனிக்கிழமை இரவே எடுத்துப் போய்விட்டதால் காட்டுவதற்குச் சாட்சியும் இல்லை. 2,36,000 ரூபாய்!

எப்படிப் பாதுகாப்பாக நிரப்புவது என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. இவற்றையாவது செய்யுங்கள். கலத்தை எடை போடாமல் கையெழுத்திடாதீர்கள். 100 லிட்டர் ஹீலியம் சுமார் பன்னிரண்டரை கிலோ, காலிக் கலத்தின் எடையைக் கேட்டு வாங்கிக் கழித்துப் பாருங்கள். நிரப்பும்போது ஒருவர் மீட்டரை மட்டுமே பார்க்கட்டும். ஏறியது இறங்கினால் உடனே நிறுத்துங்கள். கதவு திறந்திருக்கட்டும், ஆக்ஸிஜன் அலாரம் வேலை செய்யட்டும். காந்தத்தின் வாயைத் திறந்து போடாதீர்கள், உள்ளே போகும் காற்று உறைந்து அடைத்துக்கொள்ளும். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள்.

இன்று காலை மீட்டர் 49 காட்டுகிறது. அடுத்த கலத்துக்கு நகையை வைக்க வங்கிக்குப் போகிறேன்.