சார்ட்டரா, ஜார்ஜியாவா?

நீண்ட ஆங்கில உரையை அமைப்பவருக்குத் தனியாகக் காசு கொடுக்காமல் கிடைக்கும் செரிஃப் (கோடுகளின் முனையில் சிறு கால்கள் கொண்ட) எழுத்துருக்களில் சார்ட்டரும் ஜார்ஜியாவும் முன்வரிசையில் நிற்பவை. இரண்டையும் வரைந்தவர் ஒருவரே: 1937இல் லண்டனில் பிறந்து, நெதர்லாந்தின் ஹார்லெம் நகரிலுள்ள என்ஸ்கெடே அச்சகத்தில் உலோக எழுத்துகளை வார்ப்பதற்கான எஃகு முளைகளைக் கையால் செதுக்கப் பழகிய மேத்யூ கார்ட்டர். ஆனால் ஒன்று தாளுக்காகவும் மற்றொன்று திரைக்காகவும் பிறந்தவை.

1987இல் பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்துக்காக உருவான சார்ட்டர், அங்குலத்துக்கு 300 புள்ளிகளே இட்ட அன்றைய லேசர் அச்சுப்பொறிகளை மனத்தில் கொண்டது. வளைவுகள் நினைவகத்தை அதிகம் தின்றதால் கார்ட்டர் அவற்றைக் குறைத்து நேர்கோடுகளைக் கூட்டினார். எழுத்துகளின் முனைக்கால்கள் வெட்டிவிட்டாற்போல் சதுரமாக முடிகின்றன. வேலை முடிவதற்குள் பொறியாளர்கள் அந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்துவிட்டார்கள் என்பதைக் கார்ட்டரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனாலும் வடிவத்தை அவர் மாற்றவில்லை; நல்லவேளை என்றே சொல்ல வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் 1996இல் வெளியிட்ட ஜார்ஜியாவை அவர் மறுமுனையிலிருந்து தொடங்கினார். முதலில் பிக்சல்களைக் கட்டங்கட்டமாக அடுக்கி எழுத்தை அமைத்து, அதன் பிறகே வெளிக்கோட்டை வரைந்தார். (பெயர் வந்தது, ஜார்ஜியா என்ற இடத்தில் வேற்றுக்கிரகவாசிகளின் தலைகள் கிடைத்ததாகப் புளுகிய ஒரு பத்திரிகைத் தலைப்பிலிருந்து.) அன்றைய திரையில் சாதாரண எழுத்தின் தண்டு (செங்குத்துக் கோடு) ஒரு பிக்சல் அகலம் என்றால், தடித்த எழுத்துக்கு இரண்டு, இடைப்பட்டது என்று ஒன்றில்லை. ஜார்ஜியாவின் தடித்த வடிவம் அத்தனை கனமாக இருப்பதும், இன்றைய கூர்மையான திரைகளில் பத்தியின் நடுவே கொஞ்சம் இரைச்சலாகத் தெரிவதும் இதனால்தான்.

எண்களைப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஜார்ஜியாவில் 1996 என்று அடித்தால் 1 குள்ளமாக நிற்கும், இரண்டு 9களும் எழுத்துகள் நிற்கும் கோட்டுக்குக் கீழே இறங்கும், 6 மேலெழும். ஓடும் உரையில் இது அழகு, விலைப்பட்டியலிலோ தலைவலி. சார்ட்டரின் எண்கள் ஒரே உயரத்தில் அடங்கி நிற்பவை.

அச்சுக்குப் போகும் எதற்கும் நான் சார்ட்டரையே சொல்வேன். வாசகரிடம் எந்தத் திரை இருக்கும் என்று தெரியாத இடத்தில், குறிப்பாகப் பழைய கணினிகளில், ஜார்ஜியாவே பாதுகாப்பானது. உரிமத்தில் சார்ட்டருக்கே கை ஓங்கியிருக்கிறது: பிட்ஸ்ட்ரீம் அதன் அடிப்படை வடிவங்களை 1992இல் தாராள உரிமத்துடன் வழங்கியதால், ஒலியியல் குறியீடுகளும் சேர்ந்த சாரிஸ் எஸ்ஐஎல் போன்ற எழுத்துருக்களை அதிலிருந்து வளர்த்தெடுக்க முடிந்தது. மைக்ரோசாஃப்டின் உடைமையான ஜார்ஜியாவில் அப்படிக் கைவைக்க இடமில்லை.