ஈஆர்பி நெக்ஸ்ட் 15: திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பொருந்துமா?

நூலை வாங்கி, நிட்டிங்கையும் டையிங்கையும் வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்து, கட்டிங் முதல் பேக்கிங் வரை சொந்தக் கூரைக்குள் முடித்து ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளை மனதில் வைத்து எழுதிய மதிப்புரை இது. அவர்களுக்கு எங்கள் பதில்: பொருந்தும். ஆனால் மென்பொருளை முழுதாகக் கற்றுக்கொண்டு பொறுப்பேற்க ஓர் ஆள் கம்பெனிக்குள்ளேயே சம்பளத்தில் இருக்க வேண்டும். நிறுவித் தருபவர் மாதம் ஒருமுறை எட்டிப் பார்ப்பது போதாது. அப்படி ஓர் ஆளை வைக்க முடியாத கம்பெனி, டாலி பிரைமையும் எக்செல்லையும் ஒழுங்காக வைத்துக்கொள்வதே இப்போதைக்கு நல்லது.

ஈஆர்பி நெக்ஸ்ட், கணக்கு, ஸ்டாக், உற்பத்தி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதிய மும்பையின் ஃபிராப்பே நிறுவனம் உருவாக்கிய திறந்த மூல மென்பொருள். ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்தில் வருகிறது. பயனர் எண்ணிக்கைக்கு ஏற்ப உரிமக் கட்டணம் கிடையாது. இது சாதாரண விஷயம் இல்லை. தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் மென்பொருளில் கம்பெனிகள் முதலில் வெட்டுவது கட்டிங் மாஸ்டர், ஸ்டோர் கீப்பர், செக்கிங் சூப்பர்வைசர் ஆகியோரின் லாகினைத்தான். விவரம் பிறக்கும் இடமே அதுதான். பிறகு அவர்கள் துண்டுச் சீட்டில் எழுதித் தருவதை மாலையில் ஆபீஸில் ஒருவர் உட்கார்ந்து அடிக்க, திரையில் தெரியும் ஸ்டாக் எப்போதும் ஒருநாள் பழையதாகவே இருக்கும்.

எந்த மென்பொருளானாலும், வாங்கும் முன் முதலாளி பதில் சொல்லவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த சிஸ்டத்தை வைத்து எந்த முடிவை எடுக்கப் போகிறோம்? விலையில் போட்டி போடும் கம்பெனிக்கு ஸ்டைல் வாரியான உண்மைச் செலவு வேண்டும். சொன்ன தேதியில் ஏற்றுவதே பலம் என்றால் ஒவ்வொரு ஜாப் ஒர்க்கரிடமும் எத்தனை நாள் துணி நிற்கிறது என்று தெரிய வேண்டும். ஐரோப்பிய பையர்களை நம்பியிருப்பவர்களுக்கு ஒரு ஆடை எந்த நூலில், எந்தப் பட்டறையில் உருவானது என்று தடம் காட்டும் திறன் வேண்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதிமுறையின் டிஜிட்டல் பொருள் பாஸ்போர்ட் வரிசையில் ஆடைகளும் இருக்கின்றன. மூன்றையும் முதல் நாளே கேட்டால் மூன்றும் கிடைக்காது. இங்கே முதல் தேவையை, அதாவது ஸ்டைல் வாரியான செலவை, அளவுகோலாக எடுத்துக்கொள்கிறோம். மற்ற இரண்டுக்கும் தேவையான விவரம் பெருமளவு அதன் வழியிலேயே சேர்ந்துவிடும்.

செலவு தப்பிப் போகும் இடம் டையிங் என்பதால் அங்கிருந்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான். 1,000 கிலோ நூல், கிலோ 280 ரூபாய். நிட்டிங் கூலி கிலோவுக்கு 15 ரூபாய், திரும்பி வந்த துணி 985 கிலோ. டையிங் கூலி, கொடுத்த எடைக்குக் கிலோ 100 ரூபாய் வீதம் 98,500. மொத்தச் செலவு 3,93,500 ரூபாய். டையிங்கில் 5 சதவீதம் எடை குறைந்தால் கையில் 935.75 கிலோ, கிலோ அடக்கம் சுமார் 420.50. எட்டு சதவீதம் குறைந்தால் 906.20 கிலோ; அடக்கம் சுமார் 434.20. பீஸுக்கு 200 கிராம் துணி போகும் டி-ஷர்ட்டில் வித்தியாசம் 2 ரூபாய் 74 காசு. 50,000 பீஸ் ஆர்டரில் 1,37,000 ரூபாய். பையரிடம் பத்துப் பைசாவுக்குப் பேரம் பேசும் தொழிலில் இந்தத் தொகை யார் கண்ணிலும் படாமல் போவதைத் தடுப்பதுதான் சிஸ்டத்தின் வேலை.

இதை ஈஆர்பி நெக்ஸ்ட் எப்படிக் கையாள்கிறது? 14ஆம் பதிப்பிலிருந்து ஜாப் ஒர்க்குக்கெனத் தனி ஆவணங்கள் வந்துவிட்டன. டையிங் கூலிக்கு ஒரு பர்ச்சேஸ் ஆர்டர் போட்டு, எந்தத் துணி எவ்வளவு வரவேண்டும் என்று குறிக்க வேண்டும். அதிலிருந்து சப்கான்ட்ராக்டிங் ஆர்டர். பிறகு சாயப்பட்டறையின் பெயரில் திறந்த கிடங்குக்குத் துணியை மாற்றும் ஸ்டாக் என்ட்ரி. துணி திரும்பும்போது சப்கான்ட்ராக்டிங் ரசீது. ஆகவே ஒவ்வொரு ஜாப் ஒர்க்கர் பெயரிலும் தனிக் கிடங்கு அவசியம். ‘ஜாப் ஒர்க்’ என்று பொதுவாக ஒரே கிடங்கு வைத்துவிட்டால் யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்பது பிறகு எந்த அறிக்கையிலும் தெளிவாக வராது.

இங்கே ஓர் அமைப்பு பலரைக் கவிழ்க்கிறது. பையிங் செட்டிங்ஸில், ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்த பொருளை எதை வைத்துக் கழிப்பது என்ற தேர்வு இருக்கிறது: பிஓஎம் (ஒரு பொருளுக்கு எந்த மூலப்பொருள் எவ்வளவு வேண்டும் என்ற பட்டியல்) படியா, அனுப்பிய சரக்கின் படியா. பிஓஎம் என்று வைத்து, அதில் 5 சதவீத சேதாரம் போட்டிருக்கிறீர்கள் என்று கொள்வோம். வந்தது 906.20 கிலோ. சிஸ்டம் 906.20ஐ 0.95ஆல் வகுத்து 953.90 கிலோ கோரா (சாயமிடாத) துணியை மட்டும் கழிக்கும். அனுப்பியது 985. மீதி 31 கிலோ சாயப்பட்டறைக் கிடங்கில் இருப்பதாகவே காட்டும். அப்படி ஒரு துணியே கிடையாது. சாயத்தொட்டியில் போன சேதாரம் அது. இப்படி இருபது லாட் (ஒரே தடவையில் சாயத்துக்குப் போகும் துணி) ஓடினால் அரை டன்னுக்கு மேல் இல்லாத சரக்கு புத்தகத்தில் சேர்ந்து, லாபம் அந்த அளவுக்கு ஊதித் தெரியும். ஆண்டு முடிவில் ஆடிட்டர் கேட்கும்போதுதான் குட்டு உடையும்.

அனுப்பிய சரக்கின் படி என்ற இரண்டாவது தேர்வே திருப்பூர் முறைக்குச் சரி. அதிலும் தானாக எல்லாம் நடக்காது. ஆர்டர் அளவைவிடக் குறைவாக வந்தால் விகிதப்படிதான் கழிக்கும், மீதி நிற்கும். ஆனால் இந்தத் தேர்வில் ரசீதுக்குள் ‘பயன்படுத்திய அளவு’ கட்டத்தைத் திருத்தலாம். லாட் முழுவதும் வந்துவிட்டதென்றால் அங்கே 985 என்று அடிப்பதைக் கட்டாயப் பழக்கமாக்க வேண்டும். கூலியிலும் இதே சிக்கல் உண்டு. எதிர்பார்த்த 935.75 கிலோவுக்குக் கூலியைப் பிரித்து, வந்த 906.20க்கு மட்டும் சுமார் 95,390 ரூபாயை அடக்கத்தில் சேர்க்கும். பட்டறை பில் 98,500க்கு வரும். அந்த 3,110 ரூபாயை ரசீதின் கூடுதல் செலவுப் பகுதியில் சேர்க்காவிட்டால் துணியின் அடக்கத்துக்கு வராமல் வெளியே நிற்கும்.

அடுத்தது ஆர்டர் நம்பர். செலவைப் பிரித்துப் பார்க்க ஒவ்வொரு பதிவிலும் அது இருக்க வேண்டும். டைமென்ஷன் என்பது பதிவோடு ஒட்டும் கூடுதல் அடையாளக் கட்டம்: பொதுக் கணக்கில் ஆர்டர் நம்பர் விழ அக்கவுண்டிங் டைமென்ஷன், ஸ்டாக் பேரேட்டில் விழ இன்வென்ட்டரி டைமென்ஷன், இரண்டையும் உருவாக்கலாம். நிரல் எழுதவே தேவையில்லை. இந்த மென்பொருளின் ஆகச் சிறந்த பகுதிகளில் இது ஒன்று. லாப நட்டக் கணக்குகளுக்கு மட்டும் கட்டாயம் என்று வையுங்கள். வாடகை, கரண்ட் பில் போன்றவற்றுக்கு ‘பொது’ என்று ஓர் ஆர்டர் நம்பரைத் திறந்துவிடுங்கள். இருப்புநிலைக் கணக்குகளுக்கும் கட்டாயமாக்கினால் ஜிஎஸ்டி கட்டும் வவுச்சர்கூட ஆர்டர் நம்பர் கேட்டு நிற்கும். அவசரத்தில் வாய்க்கு வந்த நம்பரைப் போட்டுத் தள்ளுவார்கள். ஒருமுறை அப்படிப் பழகிவிட்டால் அறிக்கைகளை நம்ப முடியாது.

ஒரு பொறி இருக்கிறது. இன்வென்ட்டரி டைமென்ஷன் அளவைப் பிரித்துக் காட்டும், விலையைப் பிரிக்காது. ஒரே நேவி புளூ சிங்கிள் ஜெர்சி இரண்டு ஆர்டருக்கு வெவ்வேறு விலையில் வந்து ஒரே கிடங்கில் இறங்கினால், சராசரியோ முதலில் வந்தது முதலிலோ, எந்த முறை வைத்தீர்களோ அதன்படி விலை கலந்துவிடும். ஸ்டைல் வாரியான செலவு அங்கேயே பொய்யாகிவிடும். இதற்குத் தீர்வு பேட்ச். ஒவ்வொரு சாய லாட்டுக்கும் ஒரு பேட்ச் எண் கொடுத்து, பேட்ச் வாரி மதிப்பீடு இயங்குகிறதா என்று பேட்ச் பதிவில் பார்த்துக்கொள்ளுங்கள். லாட்டின் அடக்கம் லாட்டோடே போகும். ஷேட் வித்தியாசம் வந்தால் எந்த லாட், எந்தப் பட்டறை, எந்த நூல் என்று பின்னோக்கிப் போகவும் இதே எண்தான் உதவும். பேட்ச் வேண்டுமா என்பதைப் பொருளைத் திறக்கும்போதே முடிவு செய்யுங்கள்; அதில் ஸ்டாக் நடமாட்டம் தொடங்கிய பிறகு மாற்ற விடாது.

துணி பிரிவில் ஒரு பெரிய குறை: ரோல் எண்ணிக்கை. துணியைக் கிலோவில் வைக்கிறோம், ஆனால் ஏற்றுவதும் இறக்குவதும் ரோலில். ஒரு ரோல் 22 கிலோ, அடுத்தது 24.6. ஈஆர்பி நெக்ஸ்டில் ஒரு வரியில் வேறு அளவையைப் போட்டு மாற்று விகிதம் தரலாம், ஆனால் ஸ்டாக் பேரேட்டில் அடிப்படை அளவை மட்டுமே நிற்கும். 40 ரோல் போய் 39 ரோல் வந்தது என்பதை அது தானாகச் சொல்லாது. டிசியிலும் (சரக்கோடு அனுப்பும் சீட்டு) ரசீதிலும் ரோல் எண்ணிக்கைக்கு ஒரு கூடுதல் கட்டம் சேர்த்து, ஒரு ஒப்பீட்டு அறிக்கை எழுதிக்கொள்ள வேண்டும். ரோலுக்கு ஒரு பேட்ச் என்று போகலாம் என்று சிலர் சொல்வதுண்டு. லாட் அடக்கம் சிதறிவிடும், ஸ்டோரில் ஸ்கேனர் இல்லாமல் ஒருநாள்கூட ஓடாது, வேண்டாம்.

சைஸ், கலர் விஷயத்தில் வேரியன்ட் வசதி இருக்கிறது. ஆறு சைஸ், எட்டு கலர் என்றால் 48 பொருள் ஒரே சொடுக்கில் உருவாகும். ஆனால் பையரின் ஆர்டர் ஷீட்டில் இருப்பதுபோல் குறுக்கே சைஸ், நெடுக்கே கலர் என்று அடிக்கும் கட்டம் சேல்ஸ் ஆர்டரில் இல்லை. 48 வரியாகத்தான் வரும். மெர்ச்சண்டைசர்கள் முதல் வாரமே முணுமுணுப்பது இதற்காகத்தான். எக்செல் கோப்பிலிருந்து வரிகளை ஏற்றும் வசதி தற்காலிகத் துணை; கட்டம் வேண்டுமென்றால் தனியே எழுத வேண்டும்.

பவர் டேபிளில் தைப்பவர்களுக்குப் பீஸ் கணக்கில் தரும் கூலியைப் போடும் வசதி? இல்லை. 14ஆம் பதிப்பில் சம்பளப் பகுதியே ஃபிராப்பே ஹெச்ஆர் என்ற தனிச் செயலியாகப் பிரிந்துவிட்டது. பீஸ் கணக்கை வெளியே போட்டு, வாரக் கூலியைக் கூடுதல் சம்பளமாக ஏற்ற வேண்டியதுதான்.

ஜிஎஸ்டிக்கு ‘இந்தியா கம்ப்ளையன்ஸ்’ என்ற தனிச் செயலியை நிறுவ வேண்டும். இது உண்மையிலேயே நன்றாகச் செய்யப்பட்ட வேலை. இ-இன்வாய்ஸ், இ-வே பில் இரண்டையும் பில் திரையிலிருந்தே எடுக்கலாம். 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். 10 கோடியைத் தாண்டியவர்கள் 2025 ஏப்ரல் முதல் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பதிந்தாக வேண்டும் என்பதால் இது வெளியே தனியாகச் செய்யும் வேலையாக இருக்கக் கூடாது. ஜாப் ஒர்க்குக்குப் போன பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்ற சட்டக் கெடுவையும் முன்பு சொன்ன கிடங்கு முறை சரியாக இருந்தால் எளிதாகக் கண்காணிக்கலாம்.

பில் எண்ணில் மட்டும் கவனம். ஜிஎஸ்டியில் பில் எண் 16 எழுத்தைத் தாண்டக் கூடாது. ஈஆர்பி நெக்ஸ்டில் சமர்ப்பித்த ஆவணத்தைத் திருத்த முடியாது; ரத்து செய்து திருத்தினால் எண்ணின் பின்னால் கோடும் ஒன்றும் சேரும். 16 எழுத்தையும் நிரப்பி வரிசை அமைத்தவர்களுக்கு முதல் திருத்தத்திலேயே பில் நின்றுவிடும். 13 எழுத்துக்குள் வையுங்கள்.

சர்வர் பக்கம் வந்தால், பின்தேதியிட்ட பதிவுதான் பெரிய தலைவலி. பத்து நாள் முந்தைய தேதியில் ஒரு நூல் ரசீதைப் போட்டால், அதற்குப் பிந்தைய பதிவுகளின் மதிப்பையெல்லாம் சிஸ்டம் பின்னணியில் திரும்பக் கணக்கிடும். பின்னணி வேலையாள் நிரல் நின்றுபோயிருந்தால் திரையில் பிழை எதுவும் வராது. மதிப்பு மட்டும் தப்பாக நிற்கும். ‘ரீபோஸ்ட் ஐட்டம் வேல்யுவேஷன்’ பட்டியலைத் தினமும் காலையில் பார்ப்பது அந்த உள் ஆளின் முதல் வேலை. ஸ்டாக் செட்டிங்ஸில் மூன்று நாளுக்குமேல் பழைய தேதியில் பதிவு போட முடியாதபடி உறையவைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். தரவைச் சேமிக்கும் மரியாடிபியின் பஃபர் பூல் (தரவை வைத்திருக்க அது எடுத்துக்கொள்ளும் மெமரி) இயல்பில் 128 எம்பி மட்டுமே. நாற்பது பேர் உட்காரும் இடத்தில் அதை அப்படியே விட்டுவிட்டு மென்பொருள் மெதுவாக இருக்கிறது என்று சொல்வது நியாயம் இல்லை. எல்லாம் ஒரே மெஷினில் ஓடுகிறதென்றால் மெமரியில் பாதி வரை அதற்குக் கொடுக்கலாம்.

மாற்றங்களை மூல நிரலில் கைவைத்துச் செய்து தருபவரை வேலைக்கு வைக்காதீர்கள். கூடுதல் கட்டம், அச்சு வடிவம், ஒப்புதல் வரிசை எல்லாம் தனிச் செயலிக்குள் வைக்க வழி இருக்கிறது. மூலத்தைத் தொட்டால் அடுத்த பதிப்புக்குப் போகும் நாளில் எல்லாம் போய்விடும், அல்லது அந்தப் பதிப்புக்கே போக முடியாது.

தொடக்க இருப்பு ஏற்றும்போது சொந்த ஸ்டோரை மட்டும் எண்ணிவிட்டு ஜாப் ஒர்க்கரிடம் நிற்பதை ‘வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடுவது வழக்கம். ஒவ்வொரு பட்டறையிடமும் எடைச் சீட்டோடு உறுதி வாங்கி, அவரவர் கிடங்கில் ஸ்டாக் ரீகன்சிலியேஷன் மூலம் ஏற்றுங்கள். எல்லாத் தொடக்கப் பதிவும் முடிந்ததும் ‘டெம்பரரி ஓப்பனிங்’ கணக்கு பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எங்கோ ஒரு கிடங்கோ ஒரு பாக்கியோ விட்டுப்போயிருக்கிறது. அன்று இரவே கோப்புகளுடன் சேர்த்து முழு பேக்கப் எடுத்து, சைட் கான்ஃபிக் கோப்பையும் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். அதிலுள்ள என்க்ரிப்ஷன் சாவி இல்லாமல் பேக்கப்பை மீட்டால் கணக்குகள் வரும், ஆனால் சேமித்த மின்னஞ்சல் கடவுச்சொல்லும் இ-இன்வாய்ஸ் கடவுச்சொல்லும் திறக்காது.