"கன்வெர்ட்டரை எடுத்துட்டா பிக்கப் வரும்"னு சொன்னா வண்டியை அங்கிருந்து கிளப்பிடுங்க

கன்வெர்ட்டர்னா சைலன்சர் பைப்புல புகையோட நச்சு வாயுவைக் குறைக்கிற டப்பா. அதை வெட்ட விட்டு எனக்கு 18,500 ரூபாய் போச்சு. கடைப் பேர் வேண்டாம். பைபாஸ் ஓரம் சைலன்சர் வெல்டிங், பர்ஃபாமன்ஸ் எக்ஸாஸ்ட்னு போர்டு மாட்டின வகையறா.

வண்டி பிஎஸ் 4 (புகை அளவு விதி) பெட்ரோல் கார். இழுவை இல்லை, இன்ஜின் லைட் எரியுது. ஸ்கேனர்ல பி0420ங்கிற கோளாறு கோடு. "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைச்சுக்கிச்சு சார். வெட்டிட்டு நேர் பைப் போட்டுடலாம், எல்லாரும் பண்றதுதான். ஆர்டிஓ குனிஞ்சா பார்க்கப் போறார்?" ஸ்கேனர் திரையை நம்ம பக்கம் திருப்பிக் காட்டினாங்க பாருங்க, ஏமாந்தது அங்கதான். அதே திரையில பி0302ம் இருந்துச்சு, ரெண்டாவது சிலிண்டர் மிஸ்ஃபயர், அதாவது அதுல பெட்ரோல் சரியா எரியலை. அதைப் பத்தி வாயே திறக்கலை.

பி0420ன்னா கன்வெர்ட்டரோட திறன் குறைஞ்சிருக்குன்னுதான் அர்த்தம், அடைப்புன்னு இல்லை. பிளக்குக்குக் கரன்ட் கொடுக்கிற இக்னிஷன் காயில் போனா இந்த மிஸ்ஃபயர் வரும், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரியும். உள்ளே இருக்கிற தேன்கூடு செராமிக் உருகிடும். காயிலைச் சரிபண்ணாம புது கன்வெர்ட்டர் போட்டாலும் அதே கதிதான். அடைப்பைப் பார்க்க முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழட்டி, அந்த ஓட்டையில பிரஷர் கேஜ் மாட்டணும். 2,500 ஆர்பிஎம்ல 3 பிஎஸ்ஐக்குக் கீழ நின்னா அடைப்பில்லை. இந்தச் சின்ன வேலையைச் செய்யலை, 18,500 வாங்கத் தெரிஞ்சுது.

பின் சென்சாரைப் புகையிலிருந்து தள்ளி நிறுத்த ஒரு ஸ்பேசர் (இடைத்துண்டு) வச்சு லைட்டை அணைச்சாங்க. மூணே நாள்ல திரும்ப எரிஞ்சுது. பியூசில (புகைச் சோதனைச் சான்று) வண்டி நின்ன நிலையில ஐடில்ல கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம் தாண்டக்கூடாது, ஃபெயில். போன் பண்ணா, "சென்சார் கோளாறு, எலக்ட்ரீஷியனைப் பாருங்க." அடுத்த தடவை, "ஓனர் ஊர்ல இல்லை." அதுக்கப்புறம், "பியூசிதானே, வண்டியே வராம போட்டுத் தர்றோம்." பழைய கன்வெர்ட்டரைக் கேட்டா, "எடைக்குப் போட்டாச்சு." பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிற பொருள், இரும்பு எடைக்காம்! பில்லுல "சைலன்சர் சர்வீஸ் 18,500"னு மட்டும்.

மாட்டினா சிக்கறது வண்டி ஓனர். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 கம்பெனி அமைப்பை மாத்தக்கூடாதுங்குது. 182ஏ(4) படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லை ஆறு மாசம் வரை சிறை, இல்லை ரெண்டும். காற்று மாசுக்கு 190(2) தனி, அதுல முதல் தடவையே 10,000 வரை.

நிறைய எழுதணும்னு உட்கார்ந்தேன், எரிச்சல்ல வரலை. முதல்ல காயில், பிளக் பாருங்க. கேஜ் வைக்காம வெட்ட விடாதீங்க. கழட்டின பொருளைக் கையில வாங்குங்க. பில்லுல செஞ்ச வேலையை அப்படியே எழுதச் சொல்லுங்க. பழைய கார் வாங்கறவங்க அடியில குனிஞ்சு கன்வெர்ட்டர் டப்பாவுல புது வெல்டிங் கோடு இருக்கான்னு பாருங்க. உள்ளே இருக்கிறதை உடைச்சுக் கொட்டிட்டு வெறும் டப்பாவை ஒட்டி வைக்கிறதும் நடக்குது. நுகர்வோர் உதவி எண் 1915.

இப்பவும் அடிச்சுப் பார்த்தேன். நம்பர் பிஸி.