இங்க் பேனாவுக்குன்னு சொல்லி ட்ராயிங் இங்க் விக்கிறாங்க, பார்த்து வாங்குங்க

இங்க் பேனா வச்சிருக்கிறவங்க, புதுசா வாங்கலாம்னு இருக்கிறவங்க எல்லாரும் இதை ஒரு தடவை முழுசா படிச்சிருங்க. இன்ஸ்டாகிராம்ல "ஹேண்ட்மேட் பெர்மனென்ட் பிளாக், நூறு பர்சென்ட் வாட்டர்ப்ரூஃப், எல்லா ஃபவுண்டன் பேனாவுக்கும் சேஃப்"னு போட்டு ஒரு இங்க் வித்துட்டு இருக்காங்க, அதை வாங்கி ஊத்தி என்னோட நல்ல பேனா ஒண்ணு மாசக்கணக்குல எழுதாம கிடந்துச்சு. விக்கிறவங்க பேரை இப்ப போடல, புகார் குடுத்திருக்கேன், அது முடியட்டும். ஆனா அந்த இங்க் எப்படி இருக்கும், என்ன பண்ணும்னு சொல்றதுக்கு பேர் தேவையில்ல.

நான் ஏன் வாட்டர்ப்ரூஃப் இங்க் தேடினேன்னு முதல்ல சொல்லிடறேன். 2015 டிசம்பர் வெள்ளத்துல எங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு, சென்னையில இருந்தவங்களுக்குத் தெரியும். கீழ் அலமாரியில இருந்த என் டைரியெல்லாம் நனைஞ்சு போச்சு. காய வச்சுப் பார்த்தா, பால்பாயின்ட்ல எழுதினது அப்படியே இருக்கு, பென்சில்ல எழுதினது கூட இருக்கு, ராயல் ப்ளூவுல எழுதின பக்கமெல்லாம் வெளிர் நீலமா ஒரு கறை மட்டும் இருக்கு, ஒரு எழுத்து இல்ல. ராயல் ப்ளூங்கிறது பெரும்பாலும் கழுவினா போகணும்னே செய்யற இங்க், ஸ்கூல் பசங்க சட்டையில கொட்டிக்கிட்டா போகணுமில்ல, அதுக்காக. வெயில் பட்டாலும் வெளுக்கும். அது அந்த இங்க்கோட குத்தம் இல்ல, ஆனா பாட்டில் மேல அதை யாரும் தமிழ்லயோ இங்கிலீஷ்லயோ தெளிவா எழுதறதில்ல, "வாஷபிள்"னு பொடி எழுத்துல ஒரு வார்த்தை இருந்தா உண்டு. வருஷக்கணக்கா வச்சிருக்க வேண்டியதை அதுல எழுதாதீங்க, பத்திரம், செக் பக்கமே கொண்டு போகாதீங்க.

அதுக்கப்புறம் தான் தண்ணிக்கு நிக்கிற இங்க்கா பார்த்து வாங்க ஆரம்பிச்சேன். இந்த விளம்பரம் வந்தப்ப வீடியோவுல எழுதின பேப்பரை குழாய்த் தண்ணிக்கு கீழ பிடிச்சுக் காட்டறாங்க, ஒரு துளி கூட கரையல. கமெண்ட்ல நானே கேட்டேன், எபோனைட்ல (கெட்டி ரப்பர்) செஞ்ச ஐ-ட்ராப்பர் பேனாவுல, அதாவது நேரா உடம்புக்குள்ள இங்க் ஊத்தற பேனாவுல, போடலாமான்னு. "தாராளமா போடலாம் சார், நாங்களே டெஸ்ட் பண்ணிருக்கோம்"னு பதில். அந்த பதிலோட ஸ்கிரீன்ஷாட் இப்பவும் என்கிட்ட இருக்கு. 60 மில்லி பாட்டில், விலை 650 ரூபாய், கூரியர் தனி.

என் பேனா திருவள்ளூர்ல கையால கடைஞ்ச எபோனைட் பேனா. என் விரல் தடிமனுக்கு ஏத்த மாதிரி கழுத்து வச்சு சொல்லி செஞ்சது, இங்க் உறிஞ்சற கன்வெர்ட்டர் குழாய் எதுவும் கிடையாது, ஃபில்லரால நேரா உடம்புக்குள்ள இங்க் ஊத்தறது. இந்த மாதிரி பேனாவுல ஒரு தடவை ரொப்பினா ரொம்ப நாள் வரும், அதனாலயே உள்ள போற இங்க் நல்ல இங்க்கா இருக்கணும், ஏன்னா அவ்வளவு நாளும் அது உள்ளயே தான் கிடக்கும்.

முதல் சில நாள் பிரமாதம், இல்லைன்னு சொல்லமாட்டேன். அப்படி ஒரு கறுப்பு, காஞ்சதும் லேசா பளபளப்பு, தண்ணி தெளிச்சேன் அசையல. அப்புறம் காலையில எடுத்தா முதல் எழுத்து வராது, ரெண்டு தடவை உதறணும். அப்புறம் ஒரு வரிக்கு நடுவுல திக்க ஆரம்பிச்சது. அப்புறம் ஒரு நாள் சுத்தமா இறங்கல. உடம்பு நிறைய இங்க் இருக்கு, முள்ளு காஞ்சு கிடக்கு.

முள்ளையும் அதுக்கு அடியில இருக்கிற நாக்கையும் கழட்டிப் பார்த்தேன். நாக்குல நடுவுல ஒரு மெல்லிசு வாய்க்கால் இருக்கும் இல்லையா, அது வழியா தான் இங்க் கீழ இறங்கும், அதுக்கு பதிலா காத்து மேல ஏறும், ரெண்டும் நடந்தா தான் பேனா எழுதும். அந்த வாய்க்கால் மொத்தமும் கறுப்பா அரக்கு வச்ச மாதிரி அடைச்சிருந்துச்சு. ராத்திரி பூரா தண்ணியில ஊற வச்சேன், தண்ணி நிறம் கூட மாறல. சாதாரண பேனா இங்க்னா தண்ணியில போட்ட நிமிஷமே நூல் நூலா கரைஞ்சு வரும், எவ்வளவு நாள் காஞ்சிருந்தாலும் வரும். இது வரல. அங்கயே சந்தேகம் வந்துருச்சு.

சமையலறையில இருந்து ஒரு கண்ணாடித் தட்டை எடுத்து அந்த பாட்டில்ல இருந்து ஒரு சொட்டு, பக்கத்துலயே பிரில் கம்பெனியோட ஒரு பழைய பேனா இங்க் பாட்டில்ல இருந்து ஒரு சொட்டு விட்டு நல்லா காய விட்டேன். மறுநாள் பிரில் சொட்டு மேல ஈர விரலை வச்சதும் கரைஞ்சு விரல்ல ஒட்டிக்கிச்சு. இன்னொண்ணு மேல தண்ணி ஊத்தியும் ஒண்ணும் ஆகல, நகத்தால ஓரத்தை நெம்பினேன், மெல்லிசா பளபளன்னு ஒரு தோலா முழுசா உரிஞ்சு கையோட வந்துருச்சு. பேனா இங்க் தோலா உரியாது. தோலா உரிஞ்சா அதுல பசை இருக்குன்னு அர்த்தம்.

அது என்னன்னா, நம்ம ட்ராயிங் கிளாஸ்ல உபயோகிக்கிற இந்தியன் இங்க் இருக்கே, அந்த வகை. கரித்தூள், அது பேப்பர்ல ஒட்டிக்கிறதுக்கு ஷெல்லாக்னு சொல்ற அரக்குப் பசை. தொட்டு எழுதற பேனாவுக்கும் ப்ரஷ்ஷுக்கும் அருமையான இங்க், அதுக்குன்னே செஞ்சது, நூறு வருஷம் ஆனாலும் அழியாது. ஆனா அதை இங்க் பேனாவுக்குள்ள ஊத்தவே கூடாது, நல்ல கம்பெனிங்க பாட்டில் மேலயே "ஃபவுண்டன் பேனாவுக்கு அல்ல"ன்னு எழுதி விக்கிறாங்க. இவங்க அதையோ அது மாதிரி ஒண்ணையோ வேற பாட்டில்ல ஊத்தி, ப்ராஸ் கலர் மூடி போட்டு, ஹேண்ட்மேட்னு லேபிள் ஒட்டி பல மடங்கு விலைக்கு வித்திருக்காங்கங்கறது என் முடிவு. வேற எப்படி யோசிச்சும் எனக்கு இதுக்கு நியாயம் தெரியல.

மெசேஜ் பண்ணினேன், போட்டோ அனுப்பினேன், உரிஞ்ச தோலை வீடியோ எடுத்து அனுப்பினேன். முதல்ல "பேனாவை க்ளீன் பண்ணாம விட்டிருப்பீங்க சார்"னாங்க. தினம் எழுதின பேனா அதுன்னு சொன்னேன். அப்புறம் "உங்க பேனா லோக்கல் மேக், அதான் பிரச்சனை"ன்னாங்க. இதுல தான் எனக்கு ரொம்ப கோபம் வந்துச்சு, அந்த பேனாவைக் கடைஞ்சவர் கை சுத்தம் என்னன்னு எனக்குத் தெரியும், அவர் வேலையைக் குறை சொல்ல இவங்களுக்கு என்ன தகுதி இருக்கு? பணத்தைத் திருப்பிக் குடுங்க, இல்லைன்னா பதிவுல இருந்து "எல்லா பேனாவுக்கும் சேஃப்"ங்கறதையாவது எடுங்க, இன்னொருத்தர் பேனா வீணாகாதுன்னு கேட்டேன். என் கமெண்ட்டை டெலீட் பண்ணிட்டு என்னை ப்ளாக் பண்ணிட்டாங்க.

இதுல ஒண்ணு தெளிவா சொல்லணும், தண்ணிக்கு நிக்கிற எல்லா இங்க்கும் மோசம்னு நினைச்சுடாதீங்க. ரெண்டு வகை நிஜமாவே இருக்கு. ஒண்ணு ஜப்பான்காரங்க செய்யற பிக்மென்ட் இங்க், பிளாட்டினம் கார்பன் பிளாக், செய்லர் கிவாகுரோ மாதிரி. அதுவும் கரி தான், ஆனா துகள் ரொம்ப ரொம்பச் சின்னது, அரக்குப் பசை கிடையாது, பேனாவுக்குன்னே செஞ்சது. பேனாவை மாசக்கணக்குல சும்மா போட்டு வைக்காம அப்பப்ப கழுவிக்கிட்டா போதும். இன்னொண்ணு அயர்ன் கால் இங்க், இரும்பு உப்பும் டானின் துவர்ப்பும் சேர்ந்தது, நம்ம ஊர்ல கடுக்காய் போட்டு மை காய்ச்சினாங்களே அதே வேதியியல் தான். எழுதும்போது வெளிர் நீலமா இருக்கும், காத்து பட்டு பட்டு கறுக்கும், பேப்பருக்குள்ள போய் உக்காந்துடும். பெலிகன் 4001 ப்ளூ-பிளாக் அந்த வகை. ஆனா ப்ளூ-பிளாக்னு எழுதியிருக்கிறதெல்லாம் அயர்ன் கால் இல்ல, இப்ப வர்றதுல நிறைய வெறும் சாயம் தான், பேரைப் பார்த்து பெர்மனென்ட்னு நம்பி ரெக்கார்ட் நோட்டு எழுதிடாதீங்க. ஒரு வரி எழுதிக் காய வச்சு தண்ணியில முக்கிப் பாருங்க, தெரிஞ்சுடும்.

பெரிய கம்பெனியே இதுல கோட்டை விட்டிருக்கு. பார்க்கர் 51 பேனா 1941-ல வந்தப்ப கூடவே சீக்கிரம் காயற ஒரு இங்க்கை விட்டாங்க, கடுமையான காரத்தன்மை உள்ள இங்க், அப்புறம் 1947-ல சூப்பர்குரோம்னு அதோட அடுத்த வெர்ஷன். மத்த பேனாவுல போட்டா உள்பாகத்தை அரிக்கும், அதனால 51 வகையில மட்டும் போடுங்கன்னு எச்சரிக்கையோட தான் வித்தாங்க. கடைசியில அந்தப் பேனாவுக்கே கெடுதல்னு ஆகி 1950-கள்ல நிறுத்திட்டாங்க. அவங்களாவது பாட்டில் மேல எச்சரிக்கை போட்டாங்க, இங்க சேஃப்னு எழுதிக் குடுக்கறாங்க.

டீகேன்ட்னு சின்ன சின்ன குப்பியில பிரிச்சு விக்கிற இங்க்கையும் பார்த்து வாங்குங்க. ஒழுங்கா செய்யறவங்க நிறைய பேர் இருக்காங்க, நானே வாங்கறேன். ஆனா வேற ஒரு ஆள்கிட்ட வாங்கின ஒரு வெளிநாட்டு இங்க் குப்பியைத் திறந்ததும் ஈரத்துணி நாத்தம், மேல ஆடை மாதிரி ஒண்ணு மிதக்குது, குச்சியால எடுத்தா வழவழன்னு நூலா வருது. பூஞ்சை. இங்க்ல பூஞ்சை வராம இருக்க மருந்து சேர்ப்பாங்க, அந்தக் காலத்துல ஃபீனால், பழைய இங்க் பாட்டில்ல ஆஸ்பத்திரி வாசனை அடிக்குமே அது தான். அளவைக் கூட்ட குழாய்த் தண்ணி கலந்தா அந்த மருந்து நீர்த்துப் போகும், நம்ம ஊர் வெக்கைக்கு பூஞ்சை சும்மா விடுமா. பூஞ்சை வந்த இங்க்கை வடிகட்டி உபயோகிக்காதீங்க, ஒரு பேனாவுல போனா அந்த பேனா வழியா அடுத்த பாட்டிலுக்கும் போயிடும். கொட்டிடுங்க.

மினுமினுப்பு போட்ட ஷிம்மர் இங்க், வேற கலர்ல மின்னற ஷீன் இங்க், இதெல்லாம் ஏமாத்து இல்ல, ஆனா காத்துல ஈரம் அதிகமா இருக்கிற கடல் பக்கத்து ஊர்ல இருக்கிறவங்க யோசிச்சு வாங்குங்க. ஷீன் இங்க்ல சாயம் அளவுக்கு மீறி இருக்கும், பேப்பருக்கு மேலயே படிஞ்சு நிக்கும், எழுதி வாரக்கணக்கு ஆனாலும் வேர்த்த கை பட்டா பக்கமெல்லாம் இழுகிடும்.

இனி பேனா அடைச்சுக்கிட்டவங்களுக்கு, எனக்கு வேலை செஞ்சதை சொல்றேன். ஒரு பங்கு வீட்டு உபயோக அம்மோனியா, ஒன்பது பத்து பங்கு தண்ணி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவற லிக்விட். முள்ளும் நாக்கும் மட்டும் அதுல போடுங்க, எபோனைட் உடம்பைப் போடாதீங்க. ஷெல்லாக் அம்மோனியாவுல இளகும். ஜன்னலைத் திறந்து வச்சுட்டு பண்ணுங்க, ப்ளீச்சிங் சமாச்சாரம் எதோடயும் கலக்கவே கூடாது, விஷவாயு வரும். இளகினதை மெல்லிசு பித்தளைத் தகட்டால வாய்க்கால்ல லேசா விட்டு எடுத்தேன், குத்தக் கூடாது. அப்புறம் தெருமுனை மூக்குக்கண்ணாடிக் கடையில அல்ட்ராசோனிக் க்ளீனர் இருக்கும், கேட்டா போட்டுத் தருவாங்க, அதுல தான் கடைசி அழுக்கு வந்துச்சு. சுடுதண்ணி வேண்டாம், எபோனைட் பழுப்பேறிடும். ஸ்பிரிட் வேண்டாம், பிளாஸ்டிக், அக்ரிலிக் பேனா வெடிப்பு விட்டுடும். என் பேனா இப்ப எழுதுது, முன்ன மாதிரி தாராளமா இறங்கல, புது நாக்கு மாத்தணும்னு தான் நினைக்கிறேன்.

புகார் விஷயம். 1915-க்கு போன் பண்ணினேன், தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயும் பேசலாம், பதிவு பண்ணி நம்பர் குடுத்தாங்க. நான் அங்க சொன்ன முக்கியமான பாயின்ட், அந்த பாட்டில் மேல செஞ்சவர் பேர், முகவரி, எம்ஆர்பி, தயாரிச்ச மாசம் வருஷம் எதுவுமே இல்ல. பேக் பண்ணி விக்கிற பொருள்ல இதெல்லாம் இருக்கணும்னு 2011-ல வந்த சட்ட எடையளவு விதியே இருக்கு. பதில் இன்னும் வரல, வந்ததும் இங்கயே எழுதறேன்.

நீங்க வாங்கின பாட்டிலும் இப்படி இருந்தா, சதுரக் கண்ணாடி, ப்ராஸ் கலர் மூடி, லேபிள்ல முகவரி இல்லாம, பேனாவுல ஊத்தறதுக்கு முன்ன கண்ணாடியில ஒரு சொட்டு விட்டு காய வச்சு உரிச்சுப் பாருங்க. ஏற்கனவே ஊத்தியிருந்தா இன்னைக்கே காலி பண்ணிக் கழுவுங்க, உள்ள காயறதுக்கு முன்ன கழுவினா தண்ணியே போதும். மிச்ச இங்க்கைக் கீழ ஊத்திடாதீங்க, ஆர்டர் ஸ்கிரீன்ஷாட்டோட சேர்த்து பாட்டிலையும் பத்திரமா வச்சுட்டு நீங்களும் 1915-ல ஒரு புகார் பதிவு பண்ணுங்க.